தேங்காய்ப் பாலில் வெந்த கம்ப்யூட்டர்

எங்கள் தீவுப் பக்கத்தில் மச்சானைத் திட்டாமல் ஒரு நாள் போனால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மாமன் மகனைச் சோம்பேறி, திருடன், கிழங்குக் களவாணி என்று நாலு பேர் நடுவில் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். அவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவன் தோற்றான். ஆமாம், நான்தான் என்று ஒத்துக்கொண்டு அதற்கு மேலே ஒன்று போட வேண்டும். என் மாமன் மகன் நேதனி அதில் கெட்டிக்காரன். நான் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருவான். நாற்பது வருஷமாக இப்படித்தான் ஓடியது.

எங்கள் அலுவலகம் சவுசவு ஊரின் கடலோரத் தெருவில், கொப்பரை வாங்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. விரிகுடாவில் முத்துச்சிப்பி வளர்க்கும் பதினான்கு பண்ணைகளுக்கு ஞாயிறு தவிரத் தினமும் காலையில், இன்றைக்குக் கடல் எவ்வளவு சூடு என்று செய்தி அனுப்புவது எங்கள் வேலை. சூடு ஏறினால் அவர்கள் சிப்பிக் கயிறுகளை ஆழத்தில் இறக்குவார்கள். இறக்காவிட்டால் சிப்பி செத்து நாறும். தண்ணீரில் மிதக்கும் கருவியிடம் அளவை வாங்கிச் செய்தியாக அனுப்புவது ஒரே ஒரு மேஜைக் கம்ப்யூட்டர். அதில் படமும் கிடையாது, அமுக்க அழகான பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், அது பதில் சொல்லும். அதை வைத்துக்கொடுத்த ஆஸ்திரேலியாக்காரர் ஊருக்குத் திரும்பும் முன் ஒன்பது கட்டளைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். பத்தாவது கட்டளை தெரிந்தவன் இனோக்கே என்று எனக்கு அலுவலகத்தில் பெயர். ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை நான் இழுத்தெடுத்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே கணக்கு, என் பெயரில். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆள் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் சொந்தக்காரன் வந்து, உன் பாஸ்வேர்டைக் கொஞ்சம் கொடு என்று கேட்டால் எந்த முகத்தோடு இல்லை என்பது? எங்கள் ஊரில் படகையே அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம், பாஸ்வேர்டு என்ன பெரிய பொக்கிஷமா? கெட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டிவிட்டேன். யார் எது அடித்தாலும் கம்ப்யூட்டருக்கு அது இனோக்கேதான்.

நேதனி அங்கே தற்காலிகம். ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை தலைநகர் சுவாவிலிருந்து மேலதிகாரி கோர்டன் வந்து அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். அனுப்பிவிட்டால் நேதனிக்குத் தெரிந்த இன்னொரு வேலை சூரை மீன் பிடிக்கும் கப்பல்தான். ஏழு வருஷம் அதில் போனவன் அவன். ஒவ்வொரு தடவையும் ஒன்பது மாதம் கடலில். முதல் முறை திரும்பி வந்தபோது மூத்த பெண் அவனைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காரு" என்றாளாம். இதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். இப்போது வீட்டில் இரண்டாவது குழந்தைக்கு நான்கு மாதம். அதற்கு மட்டும் தன் முகம் தெரிந்திருக்க வேண்டும் என்று, எப்போதும் வேடிக்கையாகவே பேசுகிற அவன் ஒருமுறை வேடிக்கை இல்லாமல் என்னிடம் சொன்னான்.

திங்கட்கிழமை நான் மாடி ஏறியபோது மணி ஏழு. ஆறு மணிக்கே வந்திருந்த நேதனி நாற்காலியில் உட்காராமல் நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இது எதைக் கேட்டாலும் இல்லேங்குது."

நான் உட்கார்ந்து அடித்தேன். கோப்புகளைக் காட்டு என்றால், அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. இன்றைக்கு என்ன தேதி என்றால், அப்படி ஒரு கட்டளை இல்லை. செய்தியை அனுப்பு என்றேன். அதற்கும் அதே பதில். அணைத்துப் போட்டேன். மறுபடி அதே. தாளில் இருந்த ஒன்பதையும் மேலிருந்து கீழே அடித்தேன். நேற்றுவரை அதற்குத் தெரிந்த ஒன்பதையும் இன்று அது கேள்விப்பட்டதே இல்லையாம்.

எட்டு மணிக்கு கோர்டனின் வாராந்தரத் தொலைபேசி. எங்கள் தலைமை சலனியேத்தா அக்கா அதை மேஜை நடுவில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டுவிட்டாள். கோர்டன் நியூசிலாந்துக்காரர். பன்னிரண்டு வருஷமாக சுவாவில் இருக்கிறார், எங்கள் பாஷை தெரியும். பாஷை மட்டும்.

"இனோக்கே, கம்ப்யூட்டருக்கு என்னாச்சுப்பா?" என்றாள் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பத்தாவது கட்டளை தெரிந்தவன் எப்படிச் சொல்வான்? எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதைத்தான் எடுத்தேன்.

"என்ன ஆகும்க்கா? சனிக்கிழமை மத்தியானம் இதை நேதனி கையில குடுத்தேன். இவன் கை வச்ச எது உருப்பட்டிருக்கு? இவன் ஏறினப்புறம் அந்தக் கப்பலே துருப்பிடிச்சுப் போச்சு."

அக்கா சிரித்தாள். நேதனி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

"ஆமாக்கா, நான்தான். பொய் சொல்லக் கூடாது. சனிக்கிழமை இவனுக்குன்னு சோறு கொண்டாந்தேன், எனக்கு ஒரு வாய் வைக்காம மொத்தத்தையும் முழுங்கிட்டான். எனக்குப் பசி. கம்ப்யூட்டரைத் தேங்காய்ப் பால்ல வேகவச்சுத் தின்னுட்டேன்."

"எலும்பை எங்கடா போட்ட?" என்றேன்.

"உன் மேஜைக்கு அடியிலதான். பழகின இடமாச்சே உனக்கு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தொலைபேசியில் மட்டும் சிரிப்புச் சத்தம் வரவில்லை.

"சரி," என்றார் கோர்டன். "யார் கை வச்சதுன்னு கேட்டுக்கிட்டேன். சீக்கிரம் சரி பண்ணுங்க." வைத்துவிட்டார்.

நாங்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பதினான்கு பண்ணைக்குச் செய்தி போக வேண்டுமே, அதற்கு என்ன வழி என்று அக்கா கேட்டாள். நேதனி ஒரு வாளியையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கொப்பரைக் கடைக்காரரிடம் சின்னப் படகைக் கேட்டு வாங்கி, மிதவை இருக்கும் இடம்வரை போய், வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, அளவு பார்த்து, படகில் உட்கார்ந்தபடியே பதினான்கு பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் சொன்னான். வந்தபோது முட்டிவரை நனைந்திருந்தான். முதுகு வெயிலில் வெந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் மறுபடி படகில் போயிருந்த நேரத்தில் அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கோர்டனிடமிருந்து கடிதம். தற்காலிக ஊழியர் கம்ப்யூட்டரைக் கெடுத்ததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், அதைக் கேலியாகவும் எடுத்துக்கொண்டார், இனி அவர் அதைத் தொடக் கூடாது, அவரை நிரந்தரமாக்குவது பற்றி வெள்ளிக்கிழமை நேரில் பேசித்தான் முடிவு.

"அந்த மனுஷனுக்கு வேடிக்கை தெரியாது," என்றாள் அக்கா. "நீ சீக்கிரம் என்ன கோளாறுன்னு கண்டுபிடி. நேதனி மேல தப்பில்லைன்னு காட்டிட்டா நான் பேசிக்கிறேன்."

நான் வேகமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என் மனசு சுத்தமாகத்தான் இருந்தது, இதை நான் சொல்லியே ஆக வேண்டும். மச்சானைக் காப்பாற்றப் போகிறேன் என்றுதான் உட்கார்ந்தேன்.

கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஒருவர் எழுதியிருந்தார்: எல்லாக் கட்டளையும் இல்லை என்று சொன்னால், கட்டளைகள் எங்கும் போய்விடவில்லை, கம்ப்யூட்டர் தேடும் இடம்தான் மாறிப்போயிருக்கும். நாம் ஒரு கட்டளையின் பெயரை அடித்தால், அதை எந்தெந்த அறையில் தேடுவது என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்குமாம். பாத் என்று அதற்குப் பெயர். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்ல ஒரு வழி சொல்லியிருந்தார். அந்த ஒரு கட்டளை மட்டும் அறைகளில் இல்லாமல் திரைக்குள்ளேயே குடியிருப்பதால் எப்போதும் வேலை செய்யுமாம். அடித்தேன்.

பத்துப் பதினைந்து அறைகளின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெயர் வந்தது. ரக்பி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கிச்சனில் யாரும் இல்லை, அக்கா அறையில் இருந்தாள், இருந்தும் திரையைக் கையால் மறைத்தேன்.

சனிக்கிழமை காலை நான் மட்டும் தனியாக வேலையில் இருந்தேன். மத்தியானம் எங்கள் ஆட்கள் ஆடும் ஏழு பேர் ரக்பி. கறுப்புத் திரையின் ஓரத்திலேயே ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டும் ஒரு சின்னச் செயலி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இனோக்கே மும்முரமாக வேலை செய்கிற மாதிரியே இருக்கும். கைபேசியில் பார்த்துப் பார்த்து அடித்தேன். ரக்பி என்று ஒரு அறை உண்டாக்கி அதில் செயலியைப் போட்டேன். கடைசியாக, அந்த அறையையும் தேடும் பட்டியலில் சேர்க்க ஒரு வரி. அந்த வரி நீளம். என் கைபேசித் திரையின் ஓரத்தோடு முடிந்ததுபோல் இருந்தது. தள்ளிப் பார்த்திருந்தால், ‘பழைய பட்டியலும் இதோடு இருக்கட்டும்’ என்கிற வால் தெரிந்திருக்கும். நான் தள்ளிப் பார்க்கவில்லை. பழைய அறைகளையெல்லாம் துடைத்துவிட்டு ரக்பி ஒன்றையே எழுதிவைத்துவிட்டேன்.

திரையை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்றும் அங்கே எழுதியிருந்தது. மூடப் போன நேரத்தில் ஒரு பண்ணைக்காரர் வந்துவிட்டார். பிறகு நேதனி சோறு கொண்டுவந்தான், மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும். நான் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ரேடியோவில் ஆட்டம் கேட்டேன். அந்த நேரம் முழுக்க எனக்காக மத்தியான அளவை எடுத்து எழுதியது அவன்தான். பழைய திரையே திறந்திருந்ததால் அவனுக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. சாயங்காலம் அணைத்துவிட்டுப் போனோம். ஞாயிறு கோவிலில் ஜெபம். திங்கள் இந்தக் கூத்து.

சரி செய்வது பத்து நிமிஷ வேலை. கட்டளையின் பெயரை மட்டும் சொல்லாமல், அது இருக்கும் முழு விலாசத்தையும் சேர்த்து அடித்தால் கம்ப்யூட்டர் போய் எடுத்து வருகிறது. அப்படி எழுதும் செயலியைத் திறந்து, என் வரியை எடுத்துவிட்டு, திரையை மூடித் திறந்தேன். ஒன்பது கட்டளையும் நல்ல பிள்ளைகளாகத் திரும்பி வந்தன.

அந்த இடத்தில் நான் எழுந்து அக்காவிடம் போயிருக்க வேண்டும். பத்தடி தூரம். அதற்குப் பதிலாக இன்னொன்று செய்தேன். நாம் அடிக்கும் கட்டளைகளை எல்லாம் கம்ப்யூட்டர் நேரம் போட்டு வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும். அதைத் திறந்தேன். சனிக்கிழமை, காலை பத்து நாற்பது, பத்து நாற்பத்தொன்று, பத்து நாற்பத்து மூன்று. என் வரிகள். அழித்தேன். மூன்றையும் அழித்தேன். பிரிண்டரில் காகிதம் எடுத்த இந்தக் கையால், யாரும் சொல்லித்தராமல், இதற்கு மட்டும் வழி கண்டுபிடித்தேன்.

அக்கா வந்து திரையைப் பார்த்துக் கைதட்டினாள்.

"கெட்டிக்காரன்ப்பா நீ. என்னவாம் கோளாறு?"

"ஒரு வரி இடம் மாறிப் போயிருந்துச்சு."

"யார் போட்ட வரி?"

"எல்லாரும் ஒரே பேர்லதானேக்கா அடிக்கிறோம். எப்படித் தெரியும்?"

பொய்யே இல்லை பாருங்கள். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அப்படித்தான் என்னை நானே தட்டிக்கொடுத்தேன், தூ.

புதன்கிழமை நேதனிக்குக் கடித விஷயம் தெரிந்தது. அக்கா அதை மென்மையாகத்தான் சொன்னாள். அவன் சிரித்தான்.

"தின்னேன்னு சொன்னேன்ல. இப்ப செரிக்கணும்."

ஆனால் அன்றைக்கு மத்தியானம் மிதவையின் கயிற்றைச் சரிபார்க்க நாங்கள் இருவரும் படகில் போனபோது அவன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மச்சான், ஒண்ணு கேக்கவா? கிண்டல் பண்ணாத."

"கேளு."

"சனிக்கிழமை நீ சாப்பிடும்போது நான்தானே உக்காந்திருந்தேன். நிஜமாவே நான் எதையாவது அமுக்கிட்டேனா? எனக்கு நினைவில்ல. காலையிலேருந்து யோசிக்கிறேன். ஒரு தடவை கை தவறி ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கின மாதிரி இருக்கு. அதுதானா?"

நான் கயிற்றைப் பார்த்தேன்.

"நீதானே சரி பண்ண. எந்தப் பொத்தான்னு எனக்குச் சொல்லு மச்சான். இனிமே அது பக்கமே போக மாட்டேன்."

கரையில் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஆவி போய்க்கொண்டிருந்தது. யாரோ பானையில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தேன்.

"யாருக்கு வேணா நடக்கும் இது," என்றேன். "விடு."

"அப்ப நான்தான்," என்றான் அவன். துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தான்.

எனக்கு நாற்பத்தாறு வயது. நான் செய்த அசிங்கங்களை வரிசைப்படுத்தினால் அந்த ‘விடு’ தான் முதலில் நிற்கும். அழித்தது இரண்டாவது. செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு மனுஷனையே நம்பவைத்துவிட்டு, அவனுக்கு ஆறுதலும் சொன்னேன்.

வியாழக்கிழமை அவன் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். சுவரில் இருந்த ஒன்பது கட்டளைகளையும், ஒவ்வொன்றும் என்ன செய்யும், எதை அமுக்கக் கூடாது என்பதையும் தன் கையால் எழுதியிருந்தான். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவு, அதனால் மேஜைமேல் விரலால் அடித்து அடித்துப் பழகினான். நான் ஒன்றிரண்டு தடவை அவனைச் சீண்டினேன். பதில் போட்டான், ஆனால் கண் நோட்டிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். வயிறு என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு கோர்டன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் பாயில் எங்களோடு உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் நான், எதிரே நேதனி. அவன் கோவிலுக்குப் போடும் சட்டை போட்டிருந்தான். நோட்டு மடியில்.

"நேதனி, என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க," என்றார் கோர்டன்.

"நான்தான் சார் பண்ணியிருக்கணும்," என்றான் நேதனி. "எதை அமுக்கினேன்னு தெரியல. திங்கட்கிழமை நான் சிரிச்சது தப்பு. இப்ப ஒன்பதும் எழுதிப் படிச்சிட்டேன். நீங்க கேட்டா சொல்றேன்." நோட்டை நீட்டினான்.

கோர்டன் அதை வாங்கிப் புரட்டினார். புரட்டிக்கொண்டே, வருத்தமாகத்தான், தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதர் இன்றைக்கு நல்ல வார்த்தையிலேயே வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகப்போகிறார், மச்சான் மறுபடி கப்பலேறப் போகிறான்.

"அவன் இல்ல சார். நான்," என்றேன்.

நான் முழுசாகச் சொன்னேன். ரக்பியைச் சொன்னேன், கைபேசியைச் சொன்னேன், பாதி வரியைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது கோர்டன் என் தோளைத் தொட்டார்.

"இனோக்கே, நீங்க நல்லவர். மச்சானுக்காக நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நான் எதிர்பார்த்தேன். உங்க ஜனங்களை எனக்குத் தெரியும். ஆனா கம்ப்யூட்டர் எழுதி வச்சிருக்கிறதை நான் சுவாவிலிருந்தே பார்த்துட்டேன். நீங்க சொல்ற மாதிரி ஒரு வரியும் அதுல இல்லையே."

இல்லைதான். நான்தானே அழித்தேன். பழியை ஏற்கப் போனவனுக்குப் பாராட்டு கிடைக்கிறது, என்ன செய்ய? முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எல்லோரையும் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன். ரக்பி என்ற அறை இன்னும் அங்கேயே கிடந்தது. வரிகளை அழித்தவனுக்கு அறையை அழிக்க ஞாபகம் வரவில்லை. அது எப்போது உண்டானது என்று காட்டச் சொன்னேன். சனிக்கிழமை, காலை பத்து நாற்பத்தொன்று. பிறகு அந்தப் பாதி வரியை மறுபடி அடித்தேன், திரையை மூடித் திறந்தேன், கோப்புகளைக் காட்டு என்றேன். அப்படி ஒரு கட்டளை இல்லை. தேதி என்ன என்றேன். அப்படி ஒரு கட்டளை இல்லை.

"நேதனி அன்னிக்குச் சோறு கொண்டாந்தது பன்னிரண்டரைக்கு," என்றேன். "பன்னிரண்டு வரைக்கும் பண்ணைப் படகுல இருந்தான். படகு நோட்டுல கையெழுத்து இருக்கு. எழுதி வச்சிருந்ததை அழிச்சதும் நான்தான். செவ்வாய்க்கிழமை அழிச்சேன்."

கோர்டன் குனிந்து திரையைப் படித்தார். அக்காதான் கேட்டாள்.

"திங்கட்கிழமை உனக்கே தெரியாது. சரி. செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுது. இன்னிக்கு என்ன கிழமை இனோக்கே?"

"வெள்ளி."

அவள் திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நான் நேதனியைப் பார்க்கவில்லை. அவன் நோட்டை மூடும் சத்தம் கேட்டது.

நேதனிக்கு நிரந்தர உத்தரவு அன்றைக்கே கையெழுத்தானது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். கெட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்த தாளை கோர்டனே கிழித்துப் போட்டார். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு, யாரும் யாருக்கும் தரக் கூடாது. பத்தாவது கட்டளையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் எங்கள் ஊரில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு நேதனி வீட்டுக்குப் போனேன். மச்சான்களுக்குள் இதெல்லாம் வழக்கமில்லை. மன்னிப்புக் கேட்கும் உறவே இல்லை அது, ஒரு கெட்ட வார்த்தையில் தீர்ந்துவிடும். ஆனாலும் நான் வாசலிலேயே மண்டியிட்டு, குனிந்து, வேர்க்கட்டை முன்னால் வைத்து, பெரிய சண்டைக்குப் பிறகு சொல்லும் வார்த்தைகளை முழுசாகச் சொன்னேன். சொல்லும்போதே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இந்த வேர் உன் காலைவிட மெலிசா இருக்கே என்பான். எந்த வீட்டுக் கொல்லையில பிடுங்கின என்பான். ஒன்று சொன்னால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன்.

நேதனி கையை நீட்டி வேர்க்கட்டைத் தொட்டான். உள்ளங்கைகளைக் குழித்து, மரபுப்படி மூன்று தடவை கைதட்டினான். நான் கொண்டுவந்ததை ஏற்றுக்கொண்டதாகவும், இந்த விஷயம் இன்றோடு முடிந்ததாகவும், இரண்டு குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வார்த்தை விடாமல் ஒழுங்காகச் சொன்னான். பிறகு வேரை இடித்துக் கரைத்து எனக்கு முதல் கிண்ணம் கொடுத்தான். அவன் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் விட்டாள். அது அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. நான் குடித்தேன். மன்னித்துவிட்டான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஆகிவிட்டது. காலையில் அவன் வந்ததும் வணக்கம் சொல்கிறான். என் மேஜைக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்கிறான். நான் எவ்வளவோ போட்டுப் பார்த்துவிட்டேன். நிரந்தரமானதும் வயிறும் நிரந்தரமாயிடுச்சே என்றேன். புன்னகை செய்தான். கிழங்குக் களவாணி வரான், பையை மூடு என்றேன். புன்னகை செய்தான். பாதிரியாரைப் பார்த்துச் செய்கிற புன்னகை அது.

போன வியாழக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திடீரென்று மக்கர் செய்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், உனக்கு அனுமதி இல்லை என்றது. பெரிய விஷயம் இல்லை, என்னவென்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அக்காவும் பக்கத்தில் இருந்தாள், நேதனியும் எதிரே இருந்தான், இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. சத்தமாகவே கேட்டேன்.

"யாருடா இதுல கை வச்சது? எவனுக்குடா மறுபடி பசி எடுத்துச்சு?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சொல்லுடா, தேங்காய்ப் பால் என்று சொல்லுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நேதனி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"நான் தொடல இனோக்கே," என்றான். "என் பேர்ல போய்ப் பாருங்க. எல்லாம் எழுதியிருக்கும். நேரத்தோட."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அனுமதியைச் சரி செய்தேன், கோப்பு திறந்தது. அவன் பேரில் போய்ப் பார்க்கவில்லை.